அசைவு: பூஜ்யம்

“இந்த மைதானத்தை எங்க ஊருக்குக் கொடுத்துடுங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள் என்று கேட்கிற தொனியில்தான் கேட்டாள். ஆனாலும் கூட்ட அறையில் இருந்த எட்டுப் பேர் முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் சுதாரித்தவர் இயக்குநர். பிஸ்கட் தட்டை எடுத்து, திட்டத்தைப் பார்வையிட வெளியிலிருந்து வந்திருந்த குழுத் தலைவியின் பக்கம் நகர்த்தி வைத்தார். எந்தச் சங்கடம் வந்தாலும் பிஸ்கட்டை நகர்த்துவது அவர் வழக்கம். மலையே இறங்கி வந்து வாசலில் நின்றாலும் தட்டோடுதான் எதிர்கொள்வார்.

நிலம் என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதே என்று அவளுக்கு இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவர் அவளுடைய அப்பா. இந்தத் திட்ட அலுவலகத்தின் ஜீப்பை ஓட்டுபவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எது வேணா கேளு. நிலம் மட்டும் கேக்காதே. கேட்டா, முதல்ல உன் பேப்பரைக் காட்டும்பாங்க. பேப்பர் இல்லேன்னா, யாரைக் கேட்டு அங்க குடியிருக்கேம்பாங்க. கேக்காம இருக்கற வரைக்கும்தான் பாப்பா நாம அங்க இருக்கோம்.” நாற்பத்தொரு வீட்டுக்கும் பேப்பர் கிடையாது. மலைக்குச் சாலை போட வந்தவர்களின் வாரிசுகள் எல்லாரும். சாலை போட்டு முடிந்ததும் அவர்களைத் திரும்பக் கூட்டிப்போக யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவர் இயக்குநர். அன்று காலை நடைபாதையில் வழிமறித்து, “ஃபீல்டு, இன்னைக்குக் கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா. தண்ணி, விவசாயம், பெண்கள், எது வேணா பேசு. நிலம் வேண்டாம். அது நம்ம திட்டத்துலயே இல்ல,” என்றார்.

அந்த அலுவலகத்தில் அவள் பெயர் ஃபீல்டு. கள உதவியாளர் என்ற பதவியை நறுக்கி நறுக்கி அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஃபீல்டு எங்கே, ஃபீல்டைக் கூப்பிடு, ஃபீல்டு சாப்பிட்டாச்சா. முதலில் உறுத்தியது. பிறகு, வயலும் சரிவும் இல்லாத ஓர் அலுவலகத்தில் அந்தப் பெயருக்காவது ஒரு ஆள் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

“யாரு இந்தப் பொண்ணு?” என்றார் குழுத் தலைவி. அதில் கோபமில்லை. நாற்காலி வாய் திறந்து பேசினால் வரக்கூடிய வியப்புதான்.

“நம்ம ஃபீல்டு, மேடம். அந்த ஊரோட முதல் பட்டதாரி. நம்ம திட்டத்தோட வெற்றிக் கதையே இவங்கதான்.” இயக்குநர் திரும்பிச் சுவரில் தொங்கிய பதாகையைக் காட்டினார். மலைச் சமூகங்களின் காலநிலை மீள்திறன் திட்டம் என்ற எழுத்துகளுக்குக் கீழே, அவள் ஒரு முட்டைக்கோஸை ஏந்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷம் ஊரில் கோஸ் முழுக்கப் புழு விழுந்து போயிருந்தது. கையில் இருந்தது கடையில் வாங்கிய கோஸ். புகைப்படக்காரர் வாங்கி வந்து கையில் திணித்து, “மண்ணைக் கொஞ்சம் பூசிக்கோங்க, இயற்கையா இருக்கும்,” என்றிருந்தார்.

“எங்க ஊருக்கு மேல சரிவு பிளந்துக்கிட்டு இருக்கு மேடம்,” என்றாள் அவள். “மழைக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. இந்த மைதானம் பாறை மேல இருக்கு. வருஷத்துல ரெண்டு நாள் பந்தல் போட்டுப் பேசறீங்க. மத்த நாள் சும்மா கிடக்குது. அதான் கேக்கறேன்.”

குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேசைமேல் இருந்த அறிக்கையைப் புரட்டினார். வழவழப்பான தாள், நல்ல கனம், ஒரு கொசுப் படையையே அடித்துக் கொல்லலாம். முப்பத்துநாலாம் பக்கத்தில் விரல் நின்றது. “இதுல அசைவு பூஜ்யம்னு போட்டிருக்கே?”

“பூஜ்யம்தான் மேடம்.” இப்போது பேசியவர் நிபுணர். தலைநகரிலிருந்து வருகிறவர், அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். “பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கருவி அளக்குது. ரெண்டு வருஷம். ஒரு லட்சம் அளவீடு. ஒண்ணுகூட அசையல.”

“எங்க வச்சு அளக்குதுன்னு மேடத்துக்குக் காட்டுங்க சார்,” என்றாள் அவள்.

நிபுணர் தொப்பியைச் சரிசெய்தார். காட்டவில்லை. அவளே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். மைதானத்தின் ஒரு மூலையில் ஜீப்பும் விருந்தினர்களின் இரண்டு கார்களும் நின்றன. அதை ஒட்டி, கம்பி வேலிக்குள், வெள்ளைப் பெட்டி ஒன்று மூன்று காலில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. ஊர் அங்கிருந்து ஏழு வளைவுக்கு மேலே.

“மலைங்கறது ஒரே தொடர்ச்சியான அமைப்பும்மா,” என்றார் நிபுணர். “கீழே ஸ்திரமா இருந்தா, மேலே இருக்கறதையும் ஓரளவுக்கு...”

“உங்களுக்குப் பல் வலிச்சா பாதத்தை எக்ஸ்ரே எடுப்பீங்களா சார்? உடம்பும் ஒரே அமைப்புதான்.”

யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. பிஸ்கட் தட்டு இன்னும் ஒரு சாண் நகர்ந்தது.

மலை மாறிக்கொண்டிருப்பதை ஊர் எந்த அறிக்கையிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று மாதம் தூறித் தூறி இறங்கிய மழை இப்போது மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. கொசு என்றால் கீழூர்க்காரர்களின் வியாதி என்று இருந்த வீடுகளில் கொசுவலை தொங்குகிறது. கீழ்ப் பாத்தியில் வந்த கோஸ் மேல் பாத்திக்குப் போனது, அங்கிருந்து அதற்கும் மேலே போனது, அதற்கு மேலே பாறைதான். ஊரும் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. விதையை மாற்றினார்கள், விதைக்கிற மாதத்தை மாற்றினார்கள், ஆட்டுப் பாதையை மாற்றினார்கள், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள். அந்தத் தொட்டி யார் வீட்டுப் பக்கம் வர வேண்டும் என்று ஒரு வருஷம் பேசாமலும் இருந்தார்கள், அவ்வளவு ஒற்றுமை. கீழே இருந்த ஊற்று வற்றி, ஒருநாள் காலை மாமா வீட்டுச் சமையலறைத் தரையைப் பிளந்துகொண்டு குபுகுபுவென்று வந்தது. மாமா அடுப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். திட்டத்தின் கணக்கெடுப்புப் படிவத்தில் அது எப்படி ஏறியது தெரியுமா? ‘குடிநீர் வசதி: வீட்டிற்குள்ளேயே உண்டு.’

அந்தப் படிவங்களை நிரப்பியவள் அவள்தான். அதுதான் அவளுக்கு இன்றுவரை நெஞ்சில் முள். கேள்வி எண் பதினேழு: மாறிவரும் காலநிலைக்கு நீங்கள் எவ்வாறு தகவமைத்துக்கொண்டீர்கள்? அத்தை அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மழை பெஞ்சா செருப்பைப் போட்டுக்கிட்டே படுக்கறோம், எழுதிக்கோ,” என்றாள். எழுத இடமில்லை. நாலு கட்டம்தான் இருந்தது. ‘தயார்நிலை: உயர்’ என்ற கட்டத்தில் இவள் ஒரு டிக் போட்டாள். அத்தை எட்டிப் பார்த்து, “உயர்வா? பெரிய படிப்புத்தான் படிச்சிருக்கே,” என்றாள். அந்த ஊரில் நாற்பத்தொரு வீட்டுக்கும் தயார்நிலை உயர். திட்டத்துக்கு விருதுகூடக் கிடைத்தது.

“சரி, இந்தக் கயிறு?” குழுத் தலைவி அறிக்கையை மூடி அட்டையைத் தட்டினார். அட்டையில், சாய்ந்த புல்வெளியில் இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு கயிறு. அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிக் கிழிசல்கள், சிவப்பும் மஞ்சளும் பூப்போட்டதுமாக. கீழே கொட்டை எழுத்தில்: ‘மலைமக்களின் மரபு அறிவு.’ “எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இது ஏதோ பிரார்த்தனைதானே?”

“துணி காயப்போடற கொடிக்கயிறு மேடம்,” என்றாள் அவள். “இந்த மரபுக்கு வயசு பதினாலு மாசம். பிளவு தெரிஞ்சதும் வந்து பாருங்கன்னு ஆபீஸுக்கு மூணு கடிதம் எழுதினோம். யாரும் வரல. அப்புறம் நாங்களே அந்தப் பக்கம் ஒரு முளை, இந்தப் பக்கம் ஒரு முளை அடிச்சு நடுவுல கயிறு கட்டினோம். வாரம் ஒரு வீட்டு முறை. ஆட்டை அவுத்து விடற நேரத்துல போய்க் கயிறைத் தொட்டுப் பாக்கணும். விறைச்சிருந்தா நாலு விரல் தளர்த்தி விட்டு, அந்த இடத்துல ஒரு துணி கட்டணும். எத்தனை துணி இருக்கு, எண்ணிப் பாருங்க.”

குழுத் தலைவி உண்மையிலேயே எண்ணினார். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய.

“பதினொண்ணு.”

“நாப்பத்திநாலு விரல். அட்டையில நாப்பத்திநாலு விரல், உள்ளே பூஜ்யம். போட்டோ எடுத்தவருக்குக் கலர் நல்லா இருந்ததாம்.”

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வெட்கப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். படிப்பு அவளுக்குக் கற்றுக்கொடுத்த மூடநம்பிக்கைகளில் அதுவும் ஒன்று: ஆதாரத்தைக் காட்டினால் முகம் சிவக்கும் என்பது. இங்கே சிவந்தது ஜாம் வைத்த பிஸ்கட் மட்டும்தான்.

“ரொம்ப வலுவான சாட்சியம்,” என்றார் குழுத் தலைவி மெதுவாக. “நிஜமாவே மனசைத் தொடுது. இதை நாம விடக்கூடாது. அடுத்த கட்டத்துல, மேலேயும் ஒரு கருவி வைக்கலாம்னு பரிந்துரை சேர்த்துடலாமா?”

“கண்டிப்பா சேர்த்துடலாம் மேடம்,” என்றார் நிபுணர். தப்பித்தவனின் உற்சாகம்.

“அடுத்த கட்டம் எப்ப மேடம்?” என்றாள் அவள்.

“இந்தக் கட்டம் முடிஞ்சு, அதை மதிப்பீடு பண்ணி... ரெண்டு வருஷத்துக்குள்ள.”

“சரி. மண்ணுகிட்ட சொல்லி வைக்கிறோம்.”

இயக்குநர் எழுந்துவிட்டார். “டீ குடிச்சுட்டுத் தொடரலாமா? வெளியே போட்டிருக்காங்க. வெயில் இதமா இருக்கு.” எல்லாரும் நாற்காலிகளைப் பின்னால் தள்ளினார்கள். அவர் அவள் பக்கம் திரும்பாமலே, “நீ என் ரூமுக்கு வா,” என்றார்.

இயக்குநரின் அறையில் மலைப் படங்கள் ஏழு. எதிலும் ஆள் இல்லை. கதவைச் சாத்தியதும் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள்; அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதுதான் கவலைக்கிடமாக இருந்தது.

“நீ நல்லா பேசினேம்மா. பொய் சொல்லல. உன் வயசுல நானும் இப்படித்தான்.”

இந்த வாக்கியத்தைச் சொல்லாத அதிகாரியை அவள் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். பிறகு என்ன நோய் வந்ததென்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவர் ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அறிக்கையின் கடைசிப் பக்கம். கள உண்மை சரிபார்ப்பு. ‘மேற்கண்ட முடிவுகள் கள நிலவரத்துடன் பொருந்துவதை உறுதி செய்கிறேன்.’ அதற்குக் கீழே ஒரு கோடு. மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் விதி போட்டிருந்தார்: ஆய்வு நடந்த அதே ஊரைச் சேர்ந்த பட்டதாரி ஒருவர் கையெழுத்திட்டால்தான் அறிக்கை செல்லும். விதி போட்டவர் ஊருக்கு ஒரு டஜன் பட்டதாரிகள் இருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“இதைப் போட்டுடு. உன் பணியை நிரந்தரம் பண்ற கடிதம் டைப் ஆகி இருக்கு. அடுத்த மாசம் ஒரு மாநாடு, நீயே போய்ப் பேசு. கயிறைப் பத்திப் பேசு, கைதட்டுவாங்க.”

“போடலைன்னா சார்?”

“வேற யாராவது உங்க ஊர்ல...”

“இருக்கு சார். எனக்கு அடுத்து எங்க ஊர்ல அதிகமாப் பள்ளிக்கூடம் போனது அத்தையோட ஆடு. மழைக்கு அங்கதான் ஒதுங்கும். வரச் சொல்லட்டுமா?”

அவர் சிரிக்கவில்லை. மேசை மணியை அழுத்தி, “டிரைவரை வரச் சொல்லு,” என்றார்.

அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். இந்த அறைக்குள் செருப்பைக் கழற்றி வருகிற ஒரே ஆள் அவர்தான். எத்தனையோ முறை சண்டை போட்டும் அவளால் மாற்ற முடியாத ஒன்று. கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றார்.

“உங்க பொண்ணு கருவி தப்பான இடத்துல இருக்குன்னு விருந்தாளி முன்னாடி சொல்லிட்டா,” என்றார் இயக்குநர். இழுப்பறையைத் திறந்து நீளமான பதிவேடு ஒன்றை எடுத்தார். வண்டிப் பதிவேடு. எந்த நாள், எங்கே போனது, யாரை ஏற்றியது, ஓட்டுநர் கையெழுத்து. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. கருவி வச்ச நாள். படிக்கிறேன், கேளும்மா. ‘நிபுணருடன் கருவியை மேல் ஊர் வரை கொண்டு சேர்த்துத் திரும்பியது.’ கீழே யாரு கையெழுத்து?”

அவள் பார்த்தாள். அப்பாவின் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, உழுத சால் மாதிரி.

“மேல கொண்டு போனேன்னு எழுதிக் கொடுத்தது உங்க அப்பா. அதை நம்பித்தான் நாங்க அறிக்கை எழுதினோம். நீ இதைக் கிளப்பினா, பொய் எழுதினது யாருன்னு கேள்வி வரும். என் கையெழுத்து இதுல எங்கயும் இல்ல. நிபுணரோடதும் இல்ல.” அவர் பதிவேட்டை மெல்ல மூடினார். “நான் மிரட்டல. நீ படிச்ச பொண்ணு, யோசி.”

மிரட்டுகிறவர்கள் எப்போதும் முதலில் சொல்வது அதைத்தான்.

“அப்பா,” என்றாள் அவள். “ஏன்பா?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மூணாவது வளைவுல அவருக்கு வாந்தி வந்துடுச்சு. இதுக்கு மேல வேண்டாம், திருப்புன்னார். திரும்பி வந்ததும், இங்க ஆபீஸ்லயே வச்சுடலாம், சிக்னலும் நல்லா கிடைக்குதுன்னார். ஊர் வரைக்கும் போனதா எழுதிடுன்னார். எழுதினேன்.”

“எழுதுன்னா எழுதிடுவியா?”

“நீ அப்ப கடைசி வருஷம் பாப்பா.”

பட்டம் வாங்கிய அன்று ஊரே கூடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அத்தை வீட்டுச் சுவரில் அந்தப் படம் ஆணியில் தொங்குகிறது. இந்த வருஷம் சுவர் விரிசல் விட்டதில் சட்டம் கோணிக்கொண்டது. அந்தப் பட்டத்துக்கு உள்ளே ஒரு ஜீப் மூன்றாவது வளைவில் திரும்பியிருக்கிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒரு மனிதனின் வயிறு குமட்டியதால் ஒரு மலை அசையாமல் நின்றுவிட்டது. ஒரு லட்சம் தடவை.

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இயக்குநர் மேல் கொஞ்சம், நிபுணர் மேல் நிறைய, அப்பா மேல் எல்லாவற்றையும்விட அதிகம். கூடவே, இந்த மூன்று பேரில் மாட்டிக்கொள்ளப்போவது யார் என்பது இவ்வளவு பளிச்சென்று தெரிவதன் மேலும். கேட்காமல் இருக்கிற வரைக்கும்தான் இருக்கிறோம் என்று அவர் சொன்னது பயத்தினால் மட்டுமல்ல. ஏற்கெனவே ஒன்றைக் கொடுத்துவிட்டவர் மறுபடி எதையும் கேட்க முடியாது.

“சார், நான் கேட்டது மரியாதைக்கு,” என்றாள் இயக்குநரிடம்.

“என்னது?”

“மைதானத்தை. கேக்காம வர்றது முறையில்லன்னு அத்தை சொன்னாங்க, அதான் கேட்டேன். போன ஞாயித்துக்கிழமையே முடிவு பண்ணியாச்சு. பிளவுக்கு நேர் கீழே இருக்கற பதினோரு வீடு இன்னைக்கு இறங்குது. தகரத்தைக் கழட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. மிச்சம் முப்பது வீடு இந்த வாரத்துக்குள்ள.”

“இங்கயா? இது திட்டத்தோட இடம். உங்ககிட்ட ஒரு துண்டு பேப்பர்கூடக் கிடையாது. நான் ஒரு போன் பண்ணினா...”

“பண்ணுங்க சார். பேப்பர்தான் நீங்க அடிச்சு வச்சிருக்கீங்களே, முப்பத்துநாலாம் பக்கம். இந்த மலையில அசையாத இடம்னு சர்டிஃபிகேட் வாங்கினது இது ஒண்ணுதான். ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு அளந்திருக்கீங்க. அதுல நாங்க குடியேறலைன்னா உங்க உழைப்பு வீணாப் போயிடும்.”

“உன்னைச் சொல்லல. உங்க அப்பா வேலை போகும். கேஸும் வரும்,” என்றார் இயக்குநர். குரலில் இதுவரை இருந்த சர்க்கரை கரைந்திருந்தது. “டிரைவர், நீங்களாவது சொல்லுங்க உங்க பொண்ணுக்கு.”

அப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அவள் அவரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். அவர் வேண்டாம் என்றாலும் போகத்தான் போகிறாள், அது வேறு. ஆனால் அதற்குப்பிறகு அவரோடு ஒரே கூரைக்கு அடியில், அது எந்த மைதானத்துக் கூரையாக இருந்தாலும், எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

அவர் தொண்டையைச் செருமினார்.

“அத்தை பீரோவை முதல் நடையில ஏத்தாதீங்க,” என்றார். “அஞ்சாவது வளைவுல திரும்பாது. கதவைக் கழட்டி, படுக்க வச்சுக் கொண்டு வரணும். தகரத்தை அடியில போடுங்க. மேல போட்டா காத்து தூக்கிடும்.”

இயக்குநரின் கை மேசைமேல் பிஸ்கட் தட்டைத் தேடியது.

“வாடகை வேன்காரன் அஞ்சாவது வளைவுல ஹாரன் அடிக்க மாட்டான். அடிக்கச் சொல்லு,” என்றார் அப்பா. அவ்வளவுதான். மறுபடி தரையைப் பார்க்கப் போய்விட்டார். உடன் வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவியைக் கழற்றி மேசைமேல் எறியவும் இல்லை. அதெல்லாம் வீரர்கள் செய்வது. அவர் ஓட்டுநர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இயக்குநரின் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குக் கையை நீட்டினாள். அவர், அதுவரை எதையோ நம்பிக்கொண்டிருந்தவர் போல, சட்டென்று எடுத்துக் கொடுத்தார்.

அச்சடித்த வரியை ஒரே கோட்டில் அடித்தாள். அதற்குமேல், ஊரில் கடிதம் எழுதித் தரும்போது எழுதுகிற அதே பெரிய கையெழுத்தில், யாருக்கும் புரியும்படி எழுதினாள்: ‘கருவி, அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் உள்ளது. ஊர் அங்கிருந்து ஏழு வளைவு மேலே உள்ளது. நிபுணர் மூன்றாவது வளைவிலேயே திரும்பிவிட்டார். வண்டிப் பதிவேட்டில் உள்ளதை அவர் சொல்லித்தான் ஓட்டுநர் எழுதினார். வண்டி நிறுத்துமிடம் இரண்டு ஆண்டுகளாக அசையவில்லை என்பதை உறுதி செய்கிறேன்.’ கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுதாக எழுதினாள், பட்டத்தோடு.

“நீங்க கேட்டது கையெழுத்துதானே சார்.”

அவர் படித்தார். மறுபடி படித்தார். “இதை நான் கிழிச்சுப் போட்டுடுவேன்,” என்றார்.

“கிழிங்க. அறிக்கை போகாது. வேற பட்டதாரி வேணும்னா இன்னும் ஆறு வருஷம் காத்திருக்கணும், மாமா பையன் இப்பத்தான் ஒன்பதாவது படிக்கிறான். போகணும்னா இதோடதான் போகும்.”

அவள் எழுந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினாள். அதிலும் பெயருக்குக் கீழே ‘கள உதவியாளர்’ என்றுதான் இருந்தது, அதிலும் அந்தக் கோஸ் சிரிப்புதான். தாளின் மேல் வைத்தாள்.

“யோசிச்சுப் பாரும்மா,” என்றார் இயக்குநர்.

“ஞாயித்துக்கிழமையே யோசிச்சாச்சு.”

வெளியே விருந்தினர்கள் வெயிலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நிபுணர் அந்த வெள்ளைப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். குழுத் தலைவி அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தி, “ஒரு நிமிஷம், உன்கூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றார்.

“சாயங்காலம் இங்கயேதான் இருப்போம் மேடம். நாப்பது பேர் வர்றோம், எல்லாரோடயும் எடுத்துக்கலாம். இப்ப அந்த ரெண்டு காரையும் கொஞ்சம் ஓரமா எடுக்கச் சொல்லுங்க. வேன் திரும்ப இடம் வேணும்.”

நிற்காமல் சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி, ஏற்றத்தில் நடந்தாள்.